கல்யாணத்துக்கு முன்னால் கலர் ஊசி போடலாமா?

புதுவண்ணாரப்பேட்டையில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தங்கைக்கு 23 வயது, தையில் கல்யாணம். ஆறு மாதமாக ரீல்ஸ் பார்த்துவிட்டு, கல்யாணப் பெண்ணுக்கான பேக்கேஜ் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறாள்: நிறம் கூடும் என்று சொல்லி நரம்பில் ஏற்றுகிற குளுட்டாதையோன் ட்ரிப்ஸ் பத்து, முகத்தில் லேசர் ஒளி அடித்துக் கருமையைக் குறைக்கிற லேசர் டோனிங் ஆறு. அம்மாவும் சீட்டுப் பணத்தை எடுத்துத் தரத் தயாராகிவிட்டார். இதைச் செய்யலாமா, இந்த வீடியோக்களை எவ்வளவு நம்பலாம், அவளிடம் எப்படிப் பேசுவது என்று மூன்று கேள்விகள்.

ட்ரிப்ஸ் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. லேசர் வேண்டுமா வேண்டாமா என்பதை அவள் தோலைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அந்த பேக்கேஜை விற்கிறவரும் இன்னும் அவள் தோலைப் பார்க்கவில்லை, அதற்குள் எத்தனை தடவை, எவ்வளவு பணம் என்று முடிவாகிவிட்டது. என் முதல் கவலை அதுதான்.

தண்டையார்பேட்டையில் பதிமூன்று வருஷமாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன். ஆரம்பத்தில் வந்தவர்கள் "டாக்டரம்மா, முகத்துல இங்க கருப்பா படருது, ரெண்டு மாசமா இருக்கு" என்று தொந்தரவைச் சொல்வார்கள். எப்போதிருந்து, அரிக்குமா, என்ன தடவினீர்கள், வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று நான் கேட்பேன், அவர்கள் பதில் சொல்வார்கள், அதிலிருந்துதான் இது கன்னத்தில் கருப்பாகப் படர்கிற மங்கு என்பதா, அலர்ஜியா, பரு ஆறிய தடமா என்று தெரியவரும். இப்போது நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே போனை நீட்டுகிறார்கள். "இது போட்டுக்கணும், எவ்ளோ ஆகும்?" சமூக ஊடகம் ஆசையை ஏற்றிவிடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எப்போதும் இருந்ததுதான், அதில் தப்பும் இல்லை. நான் பார்க்கிற பெரிய மாற்றம் வேறு: என்ன நோய் என்று கண்டுபிடிக்கிற அந்தப் படியே காணாமல் போய்விடுகிறது. சிகிச்சையின் பெயர் கையில் இருக்கிறது, எதற்குச் சிகிச்சை என்பது யாருக்கும் தெரியாது.

கொருக்குப்பேட்டையில் இருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கழுத்தைச் சுற்றிக் கருப்பு, தடித்து, வெல்வெட் துணி மாதிரி. 'கழுத்துக் கருமைக்கு லேசர்' என்று ஒரு வீடியோ பார்த்து, வேறொரு இடத்தில் மூன்று தடவை செய்தும் ஆயிற்று. பணத்துக்கு அவள் அப்பா ஓவர்டைம் பார்த்திருக்கிறார். நான் கேட்டது ஒரே கேள்விதான், மாதவிடாய் சரியாக வருகிறதா என்று. நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது என்றாள், அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. அந்தக் கருப்புக்கு மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர், பெரும்பாலும் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசிவதில்லை என்பதற்கான அடையாளம். அழுக்கு என்று நினைத்து நாரால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். லேசர் மேலே இருப்பதைக் கொஞ்சம் தட்டலாம், உள்ளே காரணம் அப்படியேதான் இருக்கும். அவளுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சாப்பாட்டில் மாற்றம், தினமும் நடை, மகப்பேறு டாக்டரிடம் ஒரு கடிதம். எட்டு மாதத்தில் எடை குறைந்து, மாதவிடாய் ஒழுங்காகி, கழுத்தும் பாதிக்கு மேல் தெளிந்தது. அந்த வீடியோவில் பொய்யாக எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரோ ஒருவருக்கு அது வேலை செய்திருக்கலாம். அந்த யாரோ இவள் இல்லை.

சரி, வீடியோவில் காட்டுவதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்களே. முன்னால், பின்னால் என்று இரண்டு படம் போடுவார்கள். முதல் படம் ட்யூப்லைட் வெளிச்சத்தில், தலையைக் கொஞ்சம் குனிந்து, எண்ணெய் வழிகிற முகம். இரண்டாவதில் ரிங் லைட், நிமிர்ந்த தாடை, லேசான சிரிப்பு. மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் பருக் குழி ஒவ்வொன்றும் நிழல் கட்டும், நேராக முகத்தில் அடிக்கிற வெளிச்சத்தில் பாதிக் குழி மறைந்துவிடும். எந்தச் சிகிச்சையும் செய்யாமல் என் கிளினிக் ஜன்னல் பக்கத்திலேயே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடுவேன், பல பேருக்குக் காட்டியும் இருக்கிறேன். அப்புறம் அந்த இரண்டாவது படம் எப்போது எடுத்தது என்று பாருங்கள். ஹைட்ரா ஃபேஷியலோ லேசரோ முடிந்த உடனே தோல் லேசாக வீங்கி, நீர் கோத்து, துவாரங்கள் சிறிதாகத் தெரியும். அந்தப் பளபளப்பு இரண்டு மூன்று நாள்தான். எட்டாவது நாள் படத்தை யாரும் போடுவதில்லை. கருத்துப் போனவர்களோ வீடியோ போடுவதே இல்லை, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு என் மாதிரி டாக்டரிடம் வருகிறார்கள்.

போன் கேமராவும் இதில் சேர்த்தி. பல போன்களில் முன்பக்க கேமரா நாம் கேட்காமலே தோலை மெழுகிவிடுகிறது. 2018-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 12 அங்குல தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி, 5 அடி தூரத்தில் எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். கையை நீட்டி எடுத்த படத்தைப் பார்த்துத் தன் மூக்கு இப்படித்தான் என்று ஒரு பிள்ளை நம்பினால் அது பாவம்தானே. 2017-ல் அமெரிக்காவின் முக அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் சங்கம் தன் உறுப்பினர்களைக் கேட்டபோது, செல்ஃபியில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று வருகிறவர்களைப் பார்த்ததாக 55 சதவீதம் பேர் சொன்னார்கள். அது எங்கோ அமெரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். ஃபில்டர் போட்ட தன் படத்தையே காட்டி "இப்படி ஆக்கிடுங்க" என்று என்னிடமும் கேட்கிறார்கள். அந்த முகத்தில் ஒரு துவாரம்கூட இருக்காது. துவாரம் இல்லாத தோல் மனுஷ உடம்பில் கிடையாது, வியர்வையும் எண்ணெயும் வேறு எந்த வழியாக வெளியே வரும்?

இன்னொரு விஷயம் நம் ஊருக்கு முக்கியம். ரீல்ஸில் வருகிற சிகிச்சைகளில் பாதி கொரியாவிலோ ஐரோப்பாவிலோ வெளுத்த தோலில் செய்து காட்டுவது. தோலை வெயில் தாங்கும் விதத்தை வைத்து ஆறு வகையாகப் பிரிப்பார்கள், நம்மில் பெரும்பாலானோர் நாலு, ஐந்து. மாநிறத்திலும் கருப்பிலும் இருக்கிற தோலுக்கு ஒரு குணம் உண்டு, எங்கே புண்பட்டாலும் அங்கே கருப்பை உற்பத்தி செய்யும். கொசு கடித்த இடம் மாதக்கணக்கில் கருப்பாக நிற்கிறதே, அதே காரணம்தான். சூடு அதிகமான லேசர், தோலின் மேலடுக்கை உரிக்கிற செறிவு கூடிய பீல், இவை வெள்ளைத் தோலில் சிவந்து ஆறிவிடும், நமக்குச் சிவந்து, கருத்து, அந்தக் கருப்பு ஆறு மாதம் நிற்கும். மங்கு இருப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அடிக்கடி லேசர் டோனிங் செய்து, நிறுத்தினதும் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தவர்கள் உண்டு, சிலருக்கு அரிசி தூவினது போல வெள்ளைப் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளியைத் திரும்ப நிறம் ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்த எனக்குத் தெரியும்.

செய்த பிறகு "ஒரு வாரம் வெயில் படாமல் இருங்கள்" என்று வீடியோவின் கடைசியில் ஒரு வரி ஓடும். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் எடுத்துப் பத்து மணி வெயிலில் கூடையோடு உட்கார்ந்து மீன் விற்கிற அம்மாவுக்கும், மணலிக்குத் தினமும் டூ வீலரில் போகிற பையனுக்கும் வெயில் படாமல் இருக்கிற வாரம் எங்கே கிடைக்கும்? சென்னையில் மார்கழி மதிய வெயிலே தோலைக் கருக்கும். ஒரு அம்மாவுக்கு, மகள் ஆசைப்பட்டு, வீடியோ பார்த்து வாங்கின பீல் பாட்டிலை வீட்டிலேயே தடவி விட்டிருக்கிறாள். மறுநாள் அவர் வழக்கம்போல் வியாபாரத்துக்குப் போய்விட்டார். இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு. "பொண்ணு பாசமா செஞ்சது டாக்டர், திட்டாதீங்க" என்றார். நான் ஏன் திட்டப் போகிறேன். அந்தப் பாட்டிலை ஒரு சொடுக்கில் வீட்டுக்கு வரவைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இனி குளுட்டாதையோன். அது நம் உடம்பே செய்துகொள்கிற பொருள்தான், அதை வைத்தே "இயற்கையானது" என்று விற்கிறார்கள். தோலுக்கு நிறம் தருகிற மெலனினை உண்டாக்குகிற நொதியை அது கொஞ்சம் மட்டுப்படுத்தும், கருப்பு மெலனினுக்குப் பதில் மஞ்சள் கலந்த வகையை உண்டாக்கத் தள்ளும் என்பது அடிப்படை. ஆனால் ஊசியாக ஏற்றினால் நிறம் நிலையாக மாறும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை, மாறினதாகச் சொல்பவர்களுக்கும் நிறுத்தினால் பழைய நிறம் திரும்பிவிடும், அதனால் 'மெயின்டனன்ஸ்' என்று மாதாமாதம் கூப்பிடுவார்கள். நிறத்துக்காக இந்த ஊசியை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதிக்கவில்லை, எச்சரிக்கையும் விட்டிருக்கிறது. இந்த ஊசிப் பழக்கம் பெரிதாக இருக்கும் பிலிப்பைன்ஸில் 2011-லேயே அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது: தோலும் வாயும் கண்ணும் வெந்து உரிகிற ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற ஆபத்தான ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு கோளாறு வரை பட்டியலிட்டது. இதைத் தவிர, நரம்பில் ஏற்றுகிற எதையும் யார் ஏற்றுகிறார்கள், ஊசி புதுசா, மூச்சுத் திணறினால் அந்த அறையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் ஒரு ஸ்பாவில் ரத்தத்தை எடுத்து முகத்திலேயே குத்துகிற ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை 2024-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிக்கையாகவே வெளியிட்டது. பார்லரில் ஊசி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ட்ரிப்ஸுக்குப் பணம் இல்லாதவர்கள் க்ரீமுக்குப் போகிறார்கள், வடசென்னையில் நான் அதிகம் பார்க்கிற சேதமும் அதுதான். வீடியோவில் ஒரு பெண் டப்பாவைக் காட்டுவாள், பெயர், தயாரித்த இடம், உள்ளே என்ன என்று எதுவும் இருக்காது, 'ஏழு நாளில் கலர்' என்று மட்டும் இருக்கும். ஏழு நாளில் முகம் வெளுத்தால் பெரும்பாலும் உள்ளே ஒன்று ஸ்டீராய்டு இருக்கும் அல்லது பாதரசம் இருக்கும், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கேரளாவில் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயின் ஒரே குறிப்பிட்ட வகை, அந்த 15-ல் 13 பேர் நிறம் கூட்டும் க்ரீம் தடவியவர்கள். முகத்தில் தடவியது சிறுநீரகத்தில் போய் நின்றிருக்கிறது. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து வருகிற இளம்பெண்ணிடம் முகத்துக்கு என்ன தடவுகிறாய் என்று கேட்க வேண்டிய நிலைமை.

ஸ்டீராய்டு கதை இதைவிடப் பழசு. படை, சொறிக்கு எழுதித் தருகிற ட்யூபை முகம் வெளுக்கிறது என்று தெரிந்துகொண்டு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் தடவுவது ரீல்ஸ் வருவதற்கு முன்பே உண்டு. 2011-ல் வெளியான ஆய்வில், நாடு முழுவதும் 12 மையங்களில் முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் அப்படித் தடவிக்கொண்டிருந்தவர்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் மூன்று நான்கு க்ரீமைக் கிண்ணத்தில் கலந்து 'நைட் க்ரீம்' செய்வது எப்படி என்று இன்றைக்கும் வீடியோ போடுகிறார்கள். தோல் காகிதம் மாதிரி மெலிந்து, ரத்த நாளம் சிவப்பு நூலாகத் தெரிந்து, வெயிலில் போனால் எரிந்து, நிறுத்தினால் பரு கொப்புளித்து, அந்தப் பயத்தில் மறுபடியும் தடவி... இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட கல்லூரிப் பையன்கள்கூட வருகிறார்கள்.

சட்டம் ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்கள் தங்கள் தகுதியைச் சொல்ல வேண்டும், டாக்டர் அறிவுரைக்கு இது மாற்று இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளைப் பிடிக்கக் கூடாது என்று 2002 முதலே நெறிமுறை உண்டு. குணமானவர்களின் படங்களைச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது என்பதை எல்லாம் சேர்த்து 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகள் கொண்டுவந்தது, அதே மாதம் நிறுத்தியும் வைத்துவிட்டது. என் தொழிலில் இருக்கிறவர்களே படம் போட்டுக் கூட்டம் சேர்ப்பது எனக்கு வருத்தம்தான். நோயாளி சம்மதம் கொடுத்தாள் என்பார்கள், பாதி விலைக்குச் செய்கிறேன் என்று சொல்லி வாங்குகிற சம்மதம் எந்த வகையில் சேர்த்தி?

ஆனால் போனைப் பிடுங்கி வைக்கச் சொல்ல மாட்டேன். நல்லதும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. சன்ஸ்க்ரீன் என்ற வார்த்தையை இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாத காலம் இருந்தது, இப்போது பிளஸ் டூ படிக்கிற பையன் அது வெயிலைத் தடுக்கிற அளவான எஸ்.பி.எஃப். எவ்வளவு என்று கேட்கிறான். பருவை 'வயசுக் கோளாறு, தானா போயிடும்' என்று விட்டு, குழி விழுந்த பிறகு வந்தவர்கள், இப்போது குழி விழுவதற்கு முன்பே வருகிறார்கள். வெண்புள்ளி இருக்கிற பெண்கள் மறைக்காமல் தங்கள் முகத்தைக் காட்டிப் பேசுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, பத்து வருஷம் முழுக்கை ரவிக்கையே போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா அரைக்கை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள் தங்கையிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன். "உனக்கென்ன குறைச்சல், நல்லாத்தானே இருக்கே" என்று ஆரம்பிக்காதீர்கள், அது அவள் காதில் ஏறாது. ரீல்ஸ் அவளுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை, பெண் பார்க்க வந்தபோது யாரோ "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி" என்று சொன்னதை மறுபடி மறுபடி அவள் கைக்குள் வைத்துச் சொல்கிறது. ஒரு வீடியோவை முழுசாகப் பார்த்தால் அடுத்த பத்தும் அதே மாதிரி வரும், அப்படித்தான் அது வேலை செய்கிறது. முதலில் யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் அது அவள் தோலில் தீர்க்க வேண்டிய விஷயம் இல்லை, பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. அப்புறம், தன் முகத்தில் இருக்கிற ஒன்றை நாளெல்லாம் கண்ணாடியில் பார்க்கிறாள், வெளியே போவதைத் தவிர்க்கிறாள், மற்றவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை என்றால், அது மனநல டாக்டர் உதவி தேவைப்படுகிற நிலையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு எந்தத் தோல் சிகிச்சை செய்தாலும் நிம்மதி வராது, ஒன்று முடிந்ததும் அடுத்த குறையைத் தேடுவார்கள்.

நடைமுறையில், பேக்கேஜுக்கு முன்பணம் கட்ட வேண்டாம். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும், நானும் படித்தது அங்கேதான், வரிசை நீளம் என்பதைத் தவிர யோசிக்க ஒன்றும் இல்லை. தனியாரிடம் போனால் எம்.டி. அல்லது டி.டி.வி.எல். தோல் மருத்துவப் படிப்பா என்று பாருங்கள், 'அழகியல் டிப்ளமோ' என்பது வேறு. பதிவு எண்ணை மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். என் தோலுக்கு என்ன பிரச்சினை, இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், செய்து கருத்துப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மூன்றும் கேட்கச் சொல்லுங்கள். முதல் கேள்விக்குப் பதில் வராமல் விலைப் பட்டியல் வந்தால் கிளம்பிவிடலாம்.

தை வரைக்கும் நேரம் இருக்கிறது. பருவோ தடமோ இருந்தால் அதற்குள் நன்றாகவே குறைக்கலாம். தினமும் சன்ஸ்க்ரீன், இரண்டு விரல் நீளம் எடுத்து முகம் கழுத்து முழுக்க, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும், கூடவே குடை. விலை கூடினது வேண்டும் என்று இல்லை, எஸ்.பி.எஃப். 30 இருந்தால் போதும். பருவுக்கோ தடத்துக்கோ டாக்டர் ரெட்டினாய்டு வகை க்ரீம் எழுதிக் கொடுத்தால், பார்லரில் த்ரெட்டிங், வேக்ஸிங், ப்ளீச் என்று எது செய்வதானாலும் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தோல் உரிந்துவிடும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் பீல், லேசர் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், கடைசி இரண்டு வாரம் புதிதாக எதையும் முகத்தில் வைக்கக் கூடாது. நலங்கு மஞ்சள்கூட, முன்பே காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து ஒத்துக்கொண்டதை மட்டும்தான் வைக்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது அவள் இதுவரை தடவின ட்யூப், டப்பா, அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலியானதாக இருந்தாலும் சரி, அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருப்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து பல மாதமாகத் தடவியிருந்தால் இன்றைக்கே திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், எப்படிக் குறைத்துக்கொண்டு வருவது என்று டாக்டர் சொல்வார். பாதரச டப்பா என்று சந்தேகம் வந்தால் அதை மட்டும் உடனே நிறுத்திவிட்டு, சிறுநீரும் ரத்தமும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அதே டப்பாவை வீட்டில் வேறு யாரும் தடவுகிறார்களா என்றும் பாருங்கள், குறிப்பாக அம்மா.